வன்னியில் ரியூன் செய்த நைட்ரஸ் காரை நுவரெலியாவுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு

போன வருசம் சித்திரையில் என்னுடைய பெட்டி லான்சரின் மூன்றாவது பிஸ்டன் நுவரெலியாவில் உருகிப்போனது. கிளிநொச்சியில் ஒரு முனகல் இல்லாமல் ஓடிய கார் அது. அதில் நைட்ரஸ் கிட் உண்டு: போத்தலில் உள்ள நைட்ரஸ் ஒட்சைட்டையும் அதற்குத் துணையாகக் கொஞ்சம் பெற்றோலையும் எஞ்சினுக்குள் பாய்ச்சி வலுவைக் கூட்டும் கருவி.

நடந்தது இதுதான். காலை ஏழு மணிக்கு நல்ல குளிர். நைட்ரஸ் பட்டனை அழுத்தினால் கார் பாயவில்லை. கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு அடங்கியது. "மேலே காத்து மெல்லிசு, பெற்றோல் கூடிப்போச்சு, ஜெட்டைச் சின்னதாக்கு" என்றார் பக்கத்தில் நின்றவர். எனக்கும் சரியாகத்தான் பட்டது. நைட்ரஸ் கிட்டின் பெற்றோல் ஜெட்டை (பெற்றோல் போகும் அளவுத் துளை) ஒரு அளவு சின்னதாக்கினேன். அடுத்த ஓட்டம் அருமை. மத்தியானம் வரை கார் வெயிலில் நின்றது. அதற்கு அடுத்த ஓட்டத்தில் இரண்டாவது கியரிலேயே சத்தம் மாறிவிட்டது.

அந்த இரண்டு ஓட்டங்களுக்கும் இடையில் என்ன மாறியது என்று எனக்கு விளங்க மூன்று மாதம் எடுத்தது. இந்த வருசம் அதே காரை அதே மலைக்குக் கொண்டுபோய், எஞ்சினைத் திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நீங்கள் முதல் தடவை போகிறீர்கள் என்றால் கீழே உள்ள ஒழுங்கிலேயே செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் முதலே சொல்லிவிடுகிறேன். எஞ்சின் மூச்சு இழுப்பது மலைக்காற்றை. நைட்ரஸ் போத்தல் மூச்சு இழுப்பதில்லை. ஆகவே கார்புரேற்றருக்கு (காற்றோடு பெற்றோலைக் கலக்கும் கருவி) ஒரு கணக்கு, நைட்ரஸுக்கு வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதுதான் என் பிழை.

1. முதலில் கேளுங்கள்: விடுவார்களா?

மகாகஸ்தோட்டை, ராதெல்ல போன்ற மலையேற்றப் போட்டிகளுக்குப் போவதென்றால் அந்த வருசத்துக்கான விதிமுறைத் தாளை எடுத்து, உங்கள் பிரிவில் நைட்ரஸுக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள். தாளில் ஒன்றும் இல்லையென்றால் ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் கேளுங்கள். "ஓமோம், பிரச்சினையில்லை" என்று தொலைபேசியில் சொன்னது பரிசோதனை மேசையில் செல்லாது. அனுமதி இல்லையென்றால் போத்தலைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். இரண்டாம் படி முதல் ஐந்தாம் படி வரையும், பத்தாம் படியில் ஜெட் மாற்றும் பகுதியும் உங்களுக்குப் போதும்.

பொது வீதியில் நைட்ரஸ் வேண்டாம். ஏ9 வீதி மாங்குளத்தைச் சுற்றி நேராகக் கிடக்கிறது என்று ஆசை வரும். இரவில் அந்த நேர் வீதியில் படுத்திருக்கும் மாடுகளுக்கு உங்கள் ரியூனிங் பற்றித் தெரியாது.

2. கடதாசிகள்

வாகனப் பதிவுச் சான்றிதழ், வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ், சாரதி அனுமதிப்பத்திரம். இவை வழக்கமானவை. இதில் இரண்டு பொறிகள் உள்ளன.

முதலாவது புகைப் பரிசோதனை. சோதிக்கும் ஜெட்டுகள் எதையாவது கார்புரேற்றரில் போட்டுவிட்டு அப்படியே பரிசோதனைக்குப் போகாதீர்கள். வீதிக்குரிய ஜெட்டில், எஞ்சின் சூடான பிறகு போங்கள். அந்தச் சான்றிதழும் காப்புறுதியும் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது. ஆகவே பிரதேச செயலகத்துக்குப் போகும் நாளில் இருந்து பின்னோக்கி எண்ணித் திட்டமிடுங்கள்.

இரண்டாவது காப்புறுதி. எஞ்சினில் செய்த மாற்றத்தை நீங்கள் அறிவிக்காமல் விட்டால், விபத்தன்று அதையே காரணமாகக் காட்டி இழப்பீட்டை மறுக்க இடம் கொடுக்கிறீர்கள். எழுதிக் கொடுத்துப் பதில் வாங்கி வையுங்கள்.

இவற்றோடு, போத்தல் நிரப்பிய பற்றுச்சீட்டையும் கையில் வைத்திருங்கள். டிக்கியில் ஒரு நீல உருளை, அதில் இருந்து ஒரு குழாய்: சோதனைச் சாவடியில் நிற்பவர் "இது என்ன?" என்று கேட்காமல் இருந்தால்தான் அதிசயம். போத்தலின் தோளில் அழுத்தப் பரிசோதனைத் திகதி குத்தியிருக்கும். அமெரிக்க முத்திரை உள்ள அலுமினியப் போத்தலுக்கு அது ஐந்து வருசத்துக்கு ஒரு தடவை. காலம் கடந்த போத்தலை நல்ல நிரப்புநர் தொடமாட்டார். தொடுகிறவரிடம் நீங்கள் போகாதீர்கள்.

3. எவ்வளவு காற்றுக் குறைகிறது?

கிளிநொச்சி கடல் மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. நுவரெலியா 1868 மீற்றர். கீழே காற்றழுத்தம் சுமார் 1010 மில்லிபார். மேலே சுமார் 810. ஐந்தில் ஒன்று போய்விட்டது. ஆனால் மேலே குளிர் என்பதால் காற்றின் அடர்த்தி அவ்வளவுக்குக் குறையாது. வன்னியில் 33 பாகையையும் அங்கே 18 பாகையையும் வைத்துக் கணக்குப் பார்த்தால் அடர்த்தி ஏறக்குறைய 15 முதல் 16 வீதம்தான் குறைகிறது. 100 குதிரைவலு எஞ்சின் மேலே 85 குதிரைவலு அளவில்தான் இழுக்கும். காரில் பழுது என்று நினைத்து அங்கே எதையும் கழற்றாதீர்கள்.

4. கார்புரேற்றர் கார்

புதியவர்கள் எல்லோரும் விழுகிற குழி இதில் ஒன்று: காற்று 15 வீதம் குறைந்தால் ஜெட்டையும் 15 வீதம் குறைப்பது. அது பிழை. கார்புரேற்றரில் காற்றுக் குறையும்போது பெற்றோலை உறிஞ்சும் இழுவையும் கொஞ்சம் குறைந்துவிடும். அதனால் கலவை கூடுவது 15 வீதம் அல்ல, 8 வீதம் போலத்தான் (அடர்த்தியின் வர்க்கமூலம் என்று வையுங்கள்). வெபர் கார்புரேற்றரின் ஜெட்டில் குத்தியிருக்கும் எண் துவாரத்தின் விட்டம். விட்டத்தை 4 வீதம் குறைத்தால் பரப்பு 8 வீதம் குறைந்துவிடும். என் காரில் மெயின் ஜெட்டுகள் 140, 135. மேலே போட்டவை 135, 130. அவ்வளவுதான். மிக்குனி கார்புரேற்றரின் அறுகோண ஜெட் என்றால் எண் பாய்ச்சலின் அளவு. அங்கே 120 இருந்தால் 110 பக்கம் வரும்.

வெறும் கையோடு போகாதீர்கள். இரண்டு ஜெட்டுக்கும் இப்போது உள்ளதை விடச் சின்னதாக இரண்டு அளவு, பெரிதாக ஒரு அளவு வாங்கி வையுங்கள். நான் அவற்றை ஒரு பழைய பனடோல் டப்பாவில் போட்டு, மூடியில் பேனாவால் எண்களை எழுதி வைத்திருக்கிறேன். கை விறைத்த காலையில், மூடுபனிக்குள், ஜெட்டில் உள்ள எண்ணை வாசிக்கப் பார்த்தவருக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஐடில் ஸ்குரூவை அங்கே போய்த் திருத்துங்கள். மிதவை மட்டத்தைத் தொட வேண்டாம்.

ஏற்றத்தில் இன்னொரு தொல்லை உண்டு. கம்பளை தாண்டி றம்பொடைப் பக்கம் தாழ்ந்த கியரில் நீண்ட நேரம் ஏறும்போது பொனற்றுக்குள் சூடு ஏறும். உயரத்தில் பெற்றோலும் சீக்கிரம் கொதிக்கும். குழாயில் ஆவி அடைத்துக் கார் நின்றுவிடும். பெற்றோல் குழாயை சைலன்சர் மனிபோல்டில் இருந்து விலக்கிக் கட்டி, சூடு தாங்கும் உறை போட்டுவிட்டுக் கிளம்புங்கள். றேடியேற்றர் மூடியின் ரப்பரையும் பாருங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும்; அழுத்தம் பிடிக்காத மூடி வன்னியில் ஓடலாம், அங்கே ஓடாது.

5. ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) உள்ள கார்

"எனக்கு ஈசியூ, அது தானாகப் பார்த்துக்கொள்ளும்" என்பவர்களுக்குத்தான் இந்தப் பகுதி. கொம்பனி ஈசியூ ஓரளவுக்குப் பார்த்துக்கொள்ளும். நீங்கள் தனி ஈசியூ போட்டு வன்னியில் மப் (எவ்வளவு பெற்றோல், எப்போது தீப்பொறி என்ற அட்டவணை) எழுதியிருந்தால் மூன்று இடத்தில் அடி விழும்.

முதலாவது, டர்போ இல்லாத காரில் மேலே முழு அக்சிலேற்றர் அழுத்தினாலும் மனிபோல்ட் அழுத்தம் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) 81 கிலோபாஸ்கலை, அதாவது 810 மில்லிபாரைத் தாண்டாது. உங்கள் மப்பில் 80 என்ற வரிசை எதற்காக எழுதப்பட்டது? வன்னியில் அரை அக்சிலேற்றரில் சும்மா ஓடுவதற்கு. அங்கே கலவை மெலிவாக, சிக்கனமாக, 14.7 அளவில் (எடையில் ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று) இருக்கும். தீப்பொறியும் முந்திப் பாயும். அதே வரிசையில் முழு அக்சிலேற்றரையும் அழுத்தி, மேலே நைட்ரஸையும் திறந்தால் பிஸ்டன் தாங்காது. முழு அக்சிலேற்றரில் 12.8 அளவு வரும்படி, அக்சிலேற்றர் நிலையைப் பார்க்கும் தனி அட்டவணை எழுதுங்கள்.

இரண்டாவது, சில ஈசியூக்கள் சுற்றுப்புறக் காற்றழுத்தத்தைச் சாவி போடும் நேரத்தில் மட்டும்தான் வாசிக்கும். கண்டியில் சாவி போட்டு ஒரே மூச்சில் ஏறினால், அது இன்னும் கண்டியில்தான் நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். இடையில் ஓரிரு இடத்தில் நிறுத்தி, சாவியை அணைத்துப் போடுங்கள். றம்பொடையில் எப்படியும் எல்லோரும் நீர்வீழ்ச்சி பார்க்க இறங்குவார்கள். அதோடு இதையும் செய்துவிடலாம்.

மூன்றாவது வேடிக்கை. என் மச்சானின் சிவிக்கில் நைட்ரஸ் திறக்கும் கட்டளை "அழுத்தம் 95க்கு மேல் போனால்" என்று எழுதியிருந்தது. மேலே 95 வரவே வராது. அரை நாள் வயரைக் கழற்றி, சொலனொயிட்டை (மின்னால் திறக்கும் வால்வு) கழற்றி, ரிலேயை மாற்றி... கடைசியில் பிழை ஒரு எண்ணில். அக்சிலேற்றர் சென்சரையும் சுற்று வேகத்தையும் வைத்துத் திறக்கச் செய்யுங்கள்: முழு அக்சிலேற்றர், 3000 சுற்றுக்கு மேல்.

6. நைட்ரஸ் ஜெட்டுகள்: கையை எடுங்கள்

நைட்ரஸ் ஒட்சைட்டின் எடையில் 36 வீதம் ஒட்சிசன். அதை நீங்கள் கீழிருந்து போத்தலில் கட்டிக் கொண்டுவந்திருக்கிறீர்கள். மலையேறியதால் அதில் ஒரு கிராமும் குறையாது. போத்தலில் அழுத்தம் 900 பிஎஸ்ஐ. நுவரெலியாவில் வெளிக்காற்று குறைவது 3 பிஎஸ்ஐ. தொள்ளாயிரத்துக்கு முன்னால் மூன்று எதற்குக் காணும்? நைட்ரஸ் பாய்ச்சல் கீழே இருந்தபடியேதான் இருக்கும். அதற்குத் துணையாகப் போகும் பெற்றோலும் கீழே இருந்த அளவில்தான் இருக்க வேண்டும்.

அப்படியானால் அன்று காலை கறுப்புப் புகை ஏன் வந்தது? உயரத்தால் அல்ல, குளிரால். அதுதான் அடுத்த படி.

கிட்டின் பெற்றோல் அழுத்தத்தை மட்டும் ஒருதரம் சரிபாருங்கள். பெற்றோல் ஓடாமல் நிற்கும்போது மீற்றர் காட்டுவதை நம்ப வேண்டாம். சொலனொயிட்டைத் திறந்து, ஒரு போத்தலுக்குள் பெற்றோல் ஓடும்போது காட்டும் அழுத்தம்தான் கணக்கு. இதைக் கீழேயே, வெளியான இடத்தில், தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

7. போத்தல்: வன்னியில் சூடு, மலையில் குளிர்

நைட்ரஸின் அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை. 30 பாகையில் ஏறக்குறைய 915 பிஎஸ்ஐ. 20 பாகையில் 730 அளவு. 12 பாகையில் 600தான். அழுத்தம் 900இல் இருந்து 600க்கு விழுந்தால் நைட்ரஸ் பாய்ச்சல் ஐந்தில் ஒரு பங்கு வரை குறைந்துவிடும். பெற்றோல் மட்டும் பழைய அளவில் வரும். அதுதான் கறுப்புப் புகை.

நான் அந்தக் குளிருக்கு ஏற்றபடி பெற்றோலைக் குறைத்தேன். மத்தியான வெயிலில் மூடிய டிக்கிக்குள் போத்தல் சூடாகி அழுத்தம் திரும்ப 900க்கு வந்தது. நைட்ரஸ் முழுதாக வந்தது, பெற்றோல் குறைவாக வந்தது. மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

வழி ஒன்றுதான்: அழுத்த மீற்றரும் போத்தல் ஹீற்றரும். ஹீற்றர் என்பது போத்தலைச் சுற்றிக் கட்டும் மின்போர்வை. 900 அல்லது 950இல் தானாக அணைக்கும் அழுத்தச் சுவிட்ச் உள்ளதை வாங்குங்கள். மீற்றர் 900 காட்டினால் ஓடுங்கள். 800க்குக் கீழே என்றால் நைட்ரஸ் இல்லாமல் ஓடுங்கள். ஜெட் மாற்றித் தப்பிக்கப் பார்க்காதீர்கள்.

நெருப்பால் சூடாக்கவே கூடாது. ஊதுவிளக்கை (நெருப்புச் சீறும் விளக்கு) பிடித்தால் இரண்டு நிமிடத்தில் சரியாகும் என்று மலையில் ஒருவர் கையில் எடுத்தும் விட்டார். அலுமினியம் சூட்டில் பலம் இழக்கும். உள்ளே அழுத்தமும் ஏறும். யாராவது அப்படிச் செய்தால் அந்த இடத்தை விட்டு விலகுங்கள்.

வன்னியில் பிரச்சினை மற்றப் பக்கம். 36.4 பாகைக்கு மேல் நைட்ரஸ் திரவமாக இருக்காது. அதற்கு மேல் சூடேற அழுத்தம் வேகமாக ஏறும். நிரம்பிய போத்தலோடு வைகாசி வெயிலில் கண்ணாடி மூடிய காரை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். போத்தல் வால்வில் உள்ள பாதுகாப்புத் தகடு அழுத்தம் மிஞ்சி உடைந்தால் அத்தனையும் வெளியே வரும். ஆகவே அந்தத் தகட்டின் வாயில் இருந்து ஒரு குழாய் காருக்கு வெளியே போக வேண்டும். நான் பயணம் முழுக்கப் போத்தலின் மேல் ஈரச்சாக்கு ஒன்றைப் போட்டுக் கொண்டுபோனேன். தம்புள்ளையில் ஒருதரம் நனைத்தேன். கண்டி தாண்டிச் சாக்கை எடுத்துவிட்டேன். வால்வு வழி முழுக்க மூடியே இருக்க வேண்டும்.

போத்தலைப் பொருத்தும்போது வால்வு காரின் முன்பக்கம் பார்த்து, சற்று உயர்ந்து, பெயர்ச்சீட்டு மேலே தெரிய இருக்கட்டும். ஏற்றத்திலும் பாய்ச்சலிலும் திரவம் பின்னுக்குப் போகும். போத்தலுக்குள் இருந்து திரவத்தை எடுக்கும் உள்குழாயின் வாயும் அங்கேதான் இருக்கும்.

8. பிளக், தீப்பொறி, பெற்றோல்

பிளக் ஒரு படி குளிர்ந்தது (சூட்டைச் சீக்கிரம் வெளியே கடத்துவது) வேண்டும். என்ஜிகே என்றால் எண் கூடக்கூடக் குளிர்ச்சி: 6 இருந்த இடத்தில் 7. இடைவெளியை 0.8 மில்லிமீற்றருக்குக் குறைத்தேன்.

மலையில் தீப்பொறியை முந்தவிட்டால் எஞ்சின் நன்றாக இழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் நைட்ரஸ் திறந்த நேரத்தில் அந்த உண்மை செல்லாது. 50 குதிரைவலு கூட்டும் நைட்ரஸுக்குத் தீப்பொறியை 2 பாகை (எஞ்சின் சுழலும் கோணத்தில், வெப்பநிலை அல்ல) பின்தள்ளுவது வழக்கம். டிஸ்ரிபியூற்றர் மட்டும் உள்ள, நைட்ரஸ் திறக்கும்போது மட்டும் தீப்பொறி நேரத்தை மாற்ற முடியாத என் போன்றவர்கள் கீழே வைத்த நேரத்தில் இருந்து 2 பாகை பின்தள்ளி அப்படியே விடுங்கள். நைட்ரஸ் இல்லாத நேரம் கொஞ்சம் சோம்பலாக இருக்கும்; இருக்கட்டும்.

95 ஒக்டேன் அடியுங்கள். எல்லாச் செட்டிலும் கிடைக்காது, கண்டியில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

முதல் நைட்ரஸ் ஓட்டம் ஐந்து செக்கன்தான். முழு அக்சிலேற்றரிலேயே எஞ்சினை அணைத்து, கிளச்சை மிதித்து, ஓரமாக உருளவிட்டு நிறுத்தி, பிளக்கைக் கழற்றுங்கள். வெள்ளைப் பீங்கானைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, வெளிச்சத்தில் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். பால்தேத்தண்ணி நிறம் என்றால் சரி. சுண்ணாம்பு வெள்ளை என்றால் நிறுத்துங்கள். பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போலப் புள்ளிகளோ, மினுங்கும் சிறு துணிக்கைகளோ தெரிந்தால், அந்த மினுக்கம் உங்கள் பிஸ்டனின் அலுமினியம். என் மூன்றாவது பிளக்கில் அந்த மினுக்கத்தைப் பிஸ்டன் உருகிய பிறகுதான் கண்டேன். அதற்கு முந்திய ஓட்டங்களில் நான் கழற்றிப் பார்க்கவில்லை.

9. நாளும் காசும்

ஆறு வாரம் வையுங்கள். முதல் இரண்டு வாரம் கடதாசி. ஜெட்டும் ஹீற்றரும் கொழும்பில் இருந்து வர இன்னும் இரண்டு. போத்தலைக் கடைசி இரண்டு வாரத்துக்குள் நிரப்புங்கள். நிரப்புவதும் கொழும்புப் பக்கம்தான் என்பதால் ஒரு முழுநாள் போகும். நிரப்பும்போது மீற்றரைப் பார்க்க வேண்டாம், தராசைப் பாருங்கள். வெறும் எடையும் நிறை எடையும் போத்தலில் எழுதியிருக்கும். நிறை எடைக்கு மேல் ஒரு கிராமும் வேண்டாம். 4.5 கிலோப் போத்தலில் 50 குதிரைவலுவுக்குப் பத்து செக்கனுக்கு 200 கிராம் அளவில் போகும். ஒரு நிரப்பல் ஒரு போட்டிக்குத் தாராளம்.

கிளிநொச்சியில் இருந்து எட்டு மணி நேரம் வையுங்கள். ஓட்டத்துக்கு முதல் நாள் மத்தியானத்துக்குள் மேலே இருந்தால்தான் மாலையில் ஜெட் போட்டு, அடுத்த நாள் குளிரில் ஒருதரம் சரிபார்க்க முடியும். சித்திரையில் நுவரெலியாவில் அறை வாடகை எரியும். நாங்கள் நானுஓயாவில் தங்கினோம். அங்கே ஒரு மெக்கானிக் அண்ணன் என் 130 ஜெட்டைக் கையில் வாங்கிப் பார்த்து, "இது போதும் தம்பி, இன்னும் சின்னதா போட்டா காஞ்சிரும்" என்றார். என் கணக்கும் அதுவே. போன வருசமே அவரிடம் போயிருக்கலாம்.

என் செலவில் பெரியது ஹீற்றரும் மீற்றரும்: அறுபதாயிரத்துக்குக் கொஞ்சம் கூட. ஜெட்டும் பிளக்கும் அதற்குப் பக்கத்தில் சில்லறை. பெற்றோல் போகவர 75 லீற்றர், ஓட்டத்துக்கு 20. விலை மாதாமாதம் மாறுவதால் லீற்றரில் சொல்கிறேன். போன வருசம் பிஸ்டன், ரிங், கஸ்கெற், ஹெட் மட்டம் பிடித்தது, கூலி, லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தது எல்லாமாக இரண்டரை லட்சம். லொறிதான் கூடவாக வயிற்றெரிச்சல்.

10. இறங்கும்போது

ஓட்டம் முடிந்ததும் போத்தல் வால்வை மூடி, குழாயில் மிச்சம் உள்ளதை வெளியே விடுங்கள், காருக்குள் அல்ல. ஹீற்றர் வயரைக் கழற்றிவிடுங்கள்.

பிறகு ஜெட். 135, 130 போட்ட கார் கீழே இறங்க இறங்கக் கலவை மெலியும். அதோடேயே வன்னி வெயிலில், நாலு பேரையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு ஏ9இல் மிதித்தால், நைட்ரஸ் இல்லாமலே எஞ்சின் தட்டத் தொடங்கும். கம்பளையில் நிறுத்துங்கள். எஞ்சின் ஆற ஒரு தேத்தண்ணி, பழைய ஜெட்டுகளைப் போட இருபது நிமிடம். பனடோல் டப்பாவை டிக்கியில் சாமானுக்கு அடியில் புதைக்காமல் டாஷ்போர்டுப் பெட்டிக்குள் வையுங்கள்.